இருபத்து நான்கு நொடிக் கடிகாரத்தின் பின்பக்கம்

ஜூன் 8, ஞாயிறு

வாணி இன்று கோவைக்குப் போய் ஷூ வாங்கி வந்தாள். கணுக்கால் வரை மூடுகிற கூடைப்பந்து ஷூ. காலுக்குப் பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே அடுப்படியில் தோசை சுட்டாள். மொசைக் தரையில் அது கீச்சிட்ட கீச்சில் எனக்குச் செய்தித்தாளில் ஒரு வரி ஓடவில்லை.

பின்னால் உதவும் என்பதால் விவரத்தை எழுதி வைக்கிறேன். என் மனைவி கோகிலவாணி கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். மின்வாரிய வேலை கிடைத்ததே விளையாட்டு ஒதுக்கீட்டில்தான். மகள் சம்யுக்தா பிறந்த பிறகு பந்தைத் தொடவில்லை. மகள் இப்போது பிளஸ் டூ. உடுமலையில் எங்கள் அமராவதி கூடைப்பந்துக் கழகம், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஓர் அணி சேர்க்கிறது. ஆகஸ்டில் திருச்சியில் மாநிலப் போட்டி. பன்னிரண்டு பேரைத்தான் கூட்டிப்போவார்கள்.

"இந்த வருசம் போகலீன்னா இனி முட்டி விடாதுங்க" என்றாள் வாணி. நாற்பத்தொரு வயதில் எதற்கு இந்த ஆசை என்று கேட்க நினைத்தேன். தோசை நன்றாக இருந்ததால் கேட்கவில்லை.

அணியின் கோச் தங்கவேலு, பள்ளி உடற்கல்வி ஆசிரியர். என்னை மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு கல்லூரியின் புள்ளியியல் துறைத் தலைவர். துறையில் என்னையும் சேர்த்து இரண்டு பேர். வெறும் ஸ்கோர் எழுத நான் எதற்கு? இதை ஓர் ஆய்வாகவே செய்து கட்டுரையாக வெளியிட முடிவு செய்துவிட்டேன். இந்த நாட்குறிப்பும் அதற்காகத்தான்.

ஜூன் 11, புதன்

கோச்சிடம் என் திட்டத்தை விளக்கினேன்.

ஓர் ஆட்டக்காரி எத்தனை புள்ளி எடுத்தாள் என்று மட்டும் பார்ப்பது பாமரப் பார்வை. அதற்கு அவள் எத்தனை முறை பந்தைச் செலவழித்தாள் என்பதுதான் கேள்வி. பந்து நம் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும்வரை ஒரு பொசஷன். அது கூடையில் முடியலாம், தவறிய எறிதலில் முடியலாம், பந்தைக் கோட்டை விட்டதில் முடியலாம். எப்படி முடிந்தாலும் யார் கையில் முடிந்ததோ அவர் கணக்கில் எழுத வேண்டும். எடுத்த புள்ளியை, செலவழித்த பொசஷனால் வகுத்தால் வருவதுதான் உண்மையான தரம். ஒன்றுக்கு மேல் வந்தால் நல்ல ஆட்டக்காரி. அரைக்குப் பக்கத்தில் வந்தால் அணிக்குப் பாரம்.

கோச் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இலவச எறிதலின் எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்க வேண்டும் என்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"அதென்னங்க சார் பாயிண்ட் நாலு நாலு?"

இலவச எறிதல் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், சில சமயம் கூடை விழுந்த கையோடு ஒற்றையாகவும் வரும், ஆகவே ஒரு எறிதல் என்பது அரைப் பொசஷனுக்குக் கொஞ்சம் குறைவு என்றேன்.

"சரிங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க."

இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வது சுலபம்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் பயிற்சி ஆட்டம், பொள்ளாச்சியோடு. வென்றோம்.

மேசை ஏற்பாடு பரவாயில்லை. எனக்குப் பக்கத்தில் பத்மா டீச்சர், இருபத்து நான்கு நொடிக் கடிகாரத்தின் சுவிட்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்து கைக்கு வந்தால் இருபத்து நான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சங்கு ஊதிப் பந்தைப் பிடுங்கி எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். கழகத்தில் ஒரே ஒரு கடிகாரப் பெட்டிதான். அதை எங்கள் மேசைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, ஆடுகிறவர்களுக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறார்கள். மேசையில் இருக்கிற எனக்குத் தெரிவது பெட்டியின் முதுகு. அதில் பெட்டியை வாங்கிக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரின் பெயர், முன்பக்க எண்களைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறது. எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நான் குனிந்து எழுதுகிறவன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டேன். ரெபேக்கா: 1.27. இவள் தலைமைக் காவலர், ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. கூடைக்கு அடியில் நின்று அள்ளிப் போடுகிறாள். அணியிலேயே சிறந்தவள் என்பதில் ஐயமே இல்லை.

வாணி: 0.56. அணியிலேயே கடைசி.

உறவு வேறு, புள்ளிவிவரம் வேறு. ஒரு பின்னத்தைக்கூட நான் கூட்டிப் போடவில்லை.

ஜூன் 16, திங்கள்

துறையின் ஆண்டறிக்கை இன்று காலை பத்து மணிக்கு முதல்வர் மேசைக்குப் போக வேண்டியது. நேற்று அந்தக் கணக்கில் மறந்தே போனேன். காலை ஆறு மணிக்கு வாணியிடம் சொன்னேன். அவள் ஒரு கையில் சம்யுக்தாவின் டிபனைக் கட்டிக்கொண்டு மறு கையால் டைப் செய்து முடித்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. முதல்வர் அதைச் சுட்டிக்காட்டியது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பழநியோடு ஆட்டம். இதிலும் வென்றோம். ரெபேக்கா 1.31. வாணி 0.52.

எழுதுகிறபோது ஒரு இடைஞ்சல். ஆட்டம் முழுக்க நம் அணிப் பெண்கள் "வாணிக்கா, வாணிக்கா" என்று கத்திக்கொண்டே இருக்கிறார்கள். அணியில் அவளுக்கு அவ்வளவு செல்வாக்கு. செல்வாக்கு வேறு, திறன் வேறு என்பதைக் கட்டுரையில் தனிப் பத்தியாக எழுதலாம்.

வீட்டில் வந்து படுத்த பிறகு வாணி முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள்ளிருந்து சம்யுக்தா "அம்மா, நாளைக்கு ரெக்கார்ட் நோட்டு வெக்கணும், படம் வரையவே இல்ல" என்று கூப்பிட்டாள். வாணி ஐஸ் கட்டியோடு எழுந்து போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

கோவை கண் மருத்துவமனையிலிருந்து போன். எங்களோடு இருக்கிற அப்பாவின் கண்புரை அறுவை ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. சரி என்றேன். கூட ஒருவர் தங்க வேண்டுமாம். வாணியிடம் சொல்ல வேண்டும். இன்னும் நாள் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

வியாழன் மாலை ஆடிய ஆட்டத்தையும் சேர்த்து மூன்று ஆட்டங்களின் கணக்கையும் அழகாக அச்செடுத்து, மேலே வண்ணப் பட்டை வரைந்து கோச்சிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் வாணியிடம் காட்டினேன். நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, தன் பெயர் இருந்த கடைசி வரியை மட்டும் பார்த்தாள்.

"ஆட்டத்த நீங்க பாத்தீங்களா?" என்றாள்.

"மூணையும் பக்கத்துல உக்காந்து எழுதியிருக்கறேன், வாணி."

"எழுதுனீங்க, செரி" என்று தாளை மடித்திருந்த என் சட்டைமேல் வைத்து, சட்டையோடு சேர்த்து என்னிடம் கொடுத்துவிட்டாள். மனத்தாங்கல் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. படித்த பெண்.

ஜூலை 2, புதன்

கோச் தாளை முழுவதும் படித்திருக்கிறார். முதல் ஐவரில் வாணி இனி இல்லை. பட்டியலில் பதின்மூன்றாவது பெயராக வைத்திருக்கிறார். ஆகஸ்ட் முதல் ஞாயிறு இறுதிப் பட்டியல். அதற்குள் மாற்றம் இல்லாவிட்டால் திருச்சி கிடையாது.

கிரவுண்டிலிருந்து வந்த வாணி ஷூவைக் கழற்றி, துடைத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினாள். எனக்குக் காபி கொடுத்தாள். ஓர் ஆய்வு இவ்வளவு சீக்கிரம் நடைமுறைக்கு வருவது அபூர்வம். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

தாராபுரத்தோடு ஆட்டம். பதினேழு புள்ளியில் தோற்றோம்.

காரணங்கள்: வெயில். பந்தில் காற்றுக் குறைவு. நடுவர்களில் ஒருவர் தாராபுரத்துக்காரர். சங்கு வேறு ஓயாமல் ஊதியது. பத்மா டீச்சருக்கு சுவிட்சில் கை தவறுகிறதோ என்று நினைக்கிறேன். ஊதும்போது யார் கையில் பந்து இருந்ததோ அவர் கணக்கில் வீணான பொசஷனாக எழுதினேன். ரெபேக்கா 0.78க்கு விழுந்துவிட்டாள். இரவுப் பணி பார்த்துவிட்டு வந்திருப்பாள்.

வாணி படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். இரண்டு முறை உள்ளே ஆடுகிற பெண்கள் பழக்கத்தில் "வாணிக்கா" என்று அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் கடலைத் தோலை ஊதினாள்.

ஜூலை 10, வியாழன்

சமையல் கேஸ் காலையில் தீர்ந்தது. மாற்று சிலிண்டர் இல்லை. பதிவே செய்யவில்லையாம்.

"பதிவு பண்ணுன்னு நான் சொல்லியிருப்பேனே" என்றேன்.

"சொல்லலீங்க. தீர்ந்ததுக்கப்புறம்தான் எப்பவும் சொல்லுவீங்க. நானாப் பாத்துப் பண்ணிட்டிருந்தேன்."

"இந்தத் தடவ ஏன் பண்ணல?"

"பாக்கலீங்க" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. கல்லூரி கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டேன். அங்கே நெய் என்று எதைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

அப்பாவின் கண் விஷயம் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்காது.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி தோல்வி. எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. மூன்று ஆட்டத்தின் தரவு மிகச் சிறியது என்று ஒரு அடிக்குறிப்புப் போட வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக்கு மகளை அழைத்துவரப் பத்மா டீச்சர் ஈரோடு போய்விட்டார். கோச் நேராக என்னிடம் வந்தார்.

"சார், இன்னைக்கு நீங்கதான் சுவிட்சப் பாத்துக்கோணும். வேற ஆள் இல்லீங்க."

"அப்ப கணக்கு யாரு எழுதறது?"

"ஒரு நாளைக்கு இல்லாட்டிப் போகுதுங்க."

ஒரு நாள் ஆய்வுத் தரவு போவதைப் பற்றி இந்த மனிதருக்குக் கவலையே இல்லை. வேறு வழியில்லாமல் சுவிட்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதில் சின்னதாக ஒரு திரை இருக்கிறது. பெட்டியின் முன்பக்கம் ஓடுகிற அதே எண்கள் அதிலும் ஓடும். இத்தனை நாள் பத்மா டீச்சரின் மடியில் இருந்ததால் நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

மறுபடியும் பொள்ளாச்சிதான். முதல் பாதியில் பின்தங்கினோம். இடைவேளைக்குச் சற்று முன் நம் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. கோச் படிக்கட்டைப் பார்த்து, "வாணிம்மா, எறங்கறீங்களா?" என்றார். வாணி ஷூவோடுதான் வந்திருந்தாள். அலமாரியிலிருந்து எப்போது இறக்கினாள் என்று எனக்குத் தெரியாது.

இனி எழுதுவதை நிதானமாக எழுதுகிறேன்.

பந்து நம் கைக்கு வந்தது. சுவிட்சை அழுத்தினேன். இருபத்து நான்கு. பந்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போனது. பதினைந்து. யாருக்கும் வழி கிடைக்கவில்லை. ரெபேக்காவைச் சுற்றி இரண்டு பேர். பத்து. இன்னொருத்தி எறியக் கையைத் தூக்கினாள், பயந்து இறக்கினாள். ஏழு. ஆறு. அப்போது "வாணிக்கா" என்று ஒரு குரல். நான்கு. பந்து வாணியிடம். அவள் கூடையிலிருந்து தூரத்தில், உடம்பு கோணலாக, முன்னால் ஓர் ஆள் கையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க, அங்கிருந்தே எறிந்தாள். வளையத்தில் பட்டு எகிறியது. ரெபேக்கா எம்பிப் பிடித்து அப்படியே கூடைக்குள் வைத்தாள்.

எழுதுகோல் கையில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கோகிலவாணி, தவறிய எறிதல் ஒன்று. ரெபேக்கா, இரண்டு புள்ளி.

அடுத்த முறையும் அதேதான். அதற்கடுத்த முறையும். பந்து எல்லாருடைய கையிலும் இதமாகச் சுற்றும். நல்ல வழி கிடைத்தால் கிடைத்தவள் போட்டுக்கொள்வாள். கிடைக்காவிட்டால், எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்த பிறகு, யாரும் தொட விரும்பாத சூட்டோடு அது வாணியின் தலையில் வந்து விழும். அந்தக் கூவல் செல்வாக்கால் வந்ததல்ல. ஒருமுறை இரண்டே நொடி மீதி இருக்கும்போது கொடுத்தார்கள். நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மேசை ஆள் எழுந்து நிற்கக் கூடாது என்று நடுவர் கையைக் காட்டினார்.

வாணி இறங்கிய பிறகு சங்கு ஒருமுறைகூட ஊதவில்லை. ஐந்து புள்ளியில் வென்றோம்.

"பேப்பர் இல்லீங்களா சார் இன்னைக்கு?" என்றார் கோச்.

"இல்ல" என்றேன்.

வாணியை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பேருந்து நிலையம் தாண்டும்வரை யோசித்து, "தாகமா இருக்குதா?" என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஜூலை 21, திங்கள்

யோசித்துப் பார்த்ததில், நேற்றைய நிகழ்ச்சியை என் ஆய்வின் தோல்வி என்று சொல்ல முடியாது. வளர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். எறியும்போது கடிகாரத்தில் மீதி இருந்த நொடிகளையும் கணக்கில் சேர்த்துத் திருத்திய ஒரு புதிய குறியீடு. குழந்தைவேல் குறியீடு என்று என் பெயரையே வைக்கலாம்.

மாலை பள்ளிக்கூடத்துக்கே போய்க் கோச்சிடம் இதை விளக்கினேன். கடைசி நொடிகளில் பந்து முழுக்க வாணியிடம்தான் வருகிறது, அதனால்தான் மற்றவர்களின் எண் அழகாக இருக்கிறது, அவளுடைய எண் அசிங்கமாக இருக்கிறது என்றேன்.

அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்களே சார்."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் அவள எடுத்துட்டீங்க?"

"நீங்க புரொபசரு. பாயிண்ட் நாலு நாலெல்லாம் போட்டு, கலர்ல வேற பிரிண்ட் எடுத்துக் குடுத்தீங்க. அதுவும் உங்க சம்சாரத்தப் பத்தியே. நா என்னங்க சொல்றது? வீட்டுக்காரரே சொல்றாரு, நாம கண்டது தப்பாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

ரெபேக்காவிடமும் கேட்டாராம். "அக்கா எப்படியாவது அடிச்சிருவாங்க சார், அந்தத் தைரியத்துலதான் நாங்க பந்த வெச்சு வெளயாடறோம்" என்றாளாம். இதை இவர்கள் யாரும் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் கட்டுரையில் சேர்க்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வாணி ஐந்து வகைச் சோறு கட்டினாள், கிரவுண்டில் வைத்து எல்லாரும் சாப்பிட்டோம். கோச் இறுதிப் பட்டியலைப் படித்தார். முதல் பெயர் கோகிலவாணி. பெண்கள் கைதட்டினார்கள். ரெபேக்கா அவளை அலாக்காகத் தூக்கிவிட்டாள்.

இதில் என் புதிய குறியீட்டுக்கும் பங்கு உண்டு. யாராவது சொல்வார்கள் என்று தயிர்ச்சோறு வரை காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வாணி பேருந்து டிக்கெட்டைக் காட்டினாள். பதின்மூன்றாம் தேதி புறப்பாடு, பதினேழு இறுதி ஆட்டம். அப்போதுதான் பதினாறு நினைவுக்கு வந்தது. அவள் முகம் அப்படி இருந்தபோது அதைப் போய் எப்படிச் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல் போன் வந்தது. தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். மாற்றினால் இரண்டு மாதம் தள்ளிப் போகும், இப்போதே பெரியவருக்குப் பார்வை மோசம் என்றார்கள்.

சாயங்காலம் வாணி பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று சொன்னேன். சனிக்கிழமை, கோவை, அப்பா, கூட ஓர் ஆள்.

"எப்பக் குறிச்ச தேதிங்க?"

"ஜூன்ல."

மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு சனிக்கிழமை தேர்வுப் பணி இருக்கிறது, அப்பாவின் மாத்திரை மருந்தெல்லாம் உனக்குத்தானே தெரியும் என்றெல்லாம் சொன்னேன். இரண்டும் பொய் இல்லை.

"செரி" என்றாள். பையிலிருந்து ஷூவை எடுத்து வெளியே வைத்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எதற்கும் இவள் ஒரு வழி பண்ணிவிடுவாள்.

பிறகு ரெபேக்காவுக்குப் போன் செய்தாள். "நா வரலீடி. மாமாவுக்குக் கண்ணு ஆபரேசன். நீங்க பாத்து ஆடுங்க" என்றாள். நான் கூடத்தில் இருந்தேன். போனிலிருந்து ரெபேக்காவின் குரல் எனக்கே கேட்டது. "வாணிக்கா" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். நான்கு நொடி மீதி இருக்கும்போது வருகிற குரல் அது.

சுவிட்ச் என் மடியில் இருப்பது போலவே இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

அறைக்குள் போய், "நீ போ. அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"தேர்வுப் பணிங்க?"

"மாத்திக் கேக்கறேன்."

"மாமாவுக்கு என்னென்ன மாத்திரைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எந்தக் கண்ணுன்னாச்சும்?"

"இடது" என்றேன்.

வாணி படுக்கையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "வலதுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஷூவை மறுபடி பைக்குள் வைத்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நர்ஸ் வந்து, "பேஷன்டோட அட்டெண்டர் யாருங்க?" என்றாள். நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு கையைத் தூக்கினேன். சர்க்கரை மாத்திரை காலையா, இரவா, எத்தனை மில்லிகிராம், எந்த மருந்துக்கு ஒவ்வாமை என்று அடுக்கிக்கொண்டே போனாள். மூன்று கேள்விக்கு மூன்றும் தப்பாகச் சொன்னேன். அப்பாதான் ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

"ஏம் பெரியவரே, இவரு உங்க பையன்தானுங்களா?" என்றாள் நர்ஸ்.

"பையன்தானுங்க. மருமவ பந்து வெளயாடப் போயிருக்கறா" என்றார் அப்பா. அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கு இது புதிய தகவல்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வலது கண்.

திருச்சியில் அரையிறுதி வென்றுவிட்டார்கள் என்று சாயங்காலம் செய்தி வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் கண் கட்டை அவிழ்த்து அனுப்பிவிட்டார்கள். மதியம் வீட்டில் சேர்ந்தோம். சம்யுக்தா டியூஷன் போயிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரே ஒரு சொட்டு. நர்ஸ் செய்து காட்டியபோது மிக எளிதாக இருந்தது.

அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்தார். நான் புட்டியைத் திறந்து, கண்ணுக்கு மேலே கொண்டுபோனேன். சிவந்திருந்த அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. புட்டி முனையில் சொட்டு திரண்டு தொங்கியது, இதோ விழப் போகிறது.

"வாணி" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"அவ திருச்சீல இருக்கறா. நீ விடு வேலு" என்றார் அப்பா.

விட்டேன்.

ஆறு மணிக்கு வாணியின் போன். பின்னால் ஒரே சத்தம், யாரோ மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் மாமாவின் கண்ணைக் கேட்டாள், பிறகு சம்யுக்தா சாப்பிட்டாளா என்று கேட்டாள். அதன்பிறகுதான் ஆட்டத்தைச் சொன்னாள். இறுதியில் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். இரண்டாவது பரிசு.

"கடைசிப் பந்து என்றகிட்டத்தான் வந்துச்சுங்க. அடிச்சேன். விழுகல." அவள் குரல் ஒரு மாதிரி தாழ்ந்தது. "மொத்தம் பதிமூணு அடிச்சதுல மூணுதான் விழுந்துச்சு. உங்க கணக்குல ரொம்பக் கொறவா வரும்."

"கடைசிப் பந்து வர்றப்ப எத்தன செகண்ட் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டுங்க" என்றாள்.

"ரெண்டுல யாரு அடிச்சாலும் விழுகாது, வாணி."

"விழுந்திருக்கோணுமுங்க" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளுக்கே உரிய குரலில், "சொட்டு மருந்து விட்டீங்களா?" என்றாள்.

"விட்டேன்."

"கண்ணுலயா?"

நான் பொய் சொல்லப் பழகியவன் இல்லை. முதல் சொட்டு புருவத்தில். இரண்டாவது காதுக்குள் ஓடியது. மூன்றாவது அப்பா தும்மியதில் தலையணைக்குப் போனது.

"நாலுக்கு ஒண்ணு" என்றேன்.

வாணி சிரித்தாள். மேளத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி சிரித்தாள். பக்கத்தில் ரெபேக்கா என்னக்கா, என்னக்கா என்று கேட்பதும், இவள் பதில் சொல்ல முடியாமல் சிரிப்பதும் கேட்டது.

அடுத்த சொட்டு எட்டு மணிக்கு. அப்பாவைத் தும்மல் வருமா என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.